டவர் கிடைக்கிற இடம் யாருடையது?

கொரோனாக் காலம் கல்விக்கு வாய்த்த வரம் என்று இப்போது கூசாமல் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கருத்தரங்க மேடையில் பேசுகிறார்கள், கம்பெனி விளம்பரத்தில் பேசுகிறார்கள். பத்து வருஷத்தில் வர வேண்டிய மாற்றம் பத்தே மாதத்தில் வந்துவிட்டதாம். வகுப்பறைக்கு இனிமேல் சுவரே கிடையாதாம். சுவர் கிடையாது என்று சொல்கிறவர்கள் யாரென்று பார்த்தால், அத்தனை பேருக்கும் வீட்டில் தனியறை இருக்கிறது. அதற்கு நாலு சுவரும் ஒரு கதவும் உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கின்றன.

இந்த இதழை ஆன்லைன் வகுப்பு அனுபவங்களுக்கென்று ஒதுக்கலாம் என்றபோது, ‘பழைய கதைதானே தோழர், அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சே’ என்று சிலர் கேட்டார்கள். பழைய கதை இல்லை. ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று 2020இல் கொண்டுவந்ததை 2021இல் விதியாகவே எழுதிவிட்டார்கள். ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை ‘ஸ்வயம்’ தளத்தின் வழியாகவே படித்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2020 ஜூலை 29இல். வெளியில் நாலு பேர் சேர்ந்து நின்று கோஷம் போட முடியாத மாதம் அது. ஆகவே அந்த இரண்டு வருஷத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதை நாம் எழுதி வைக்காவிட்டால், அவர்கள் எழுதுவதுதான் வரலாறாக நிற்கும்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது வையம்பட்டியும் அதைச் சுற்றியுள்ள காலனிகளும், நான் உட்கார்ந்திருக்கும் வங்கிக் கவுண்ட்டரும்.

2020 மார்ச் 17இல் தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடினார்கள். திருச்சியில் விடுதிகளைக் காலி செய்துகொண்டு பையைத் தூக்கி வந்து வையம்பட்டி ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகள், பதினைந்து நாள் லீவு என்று நினைத்துத்தான் இறங்கினார்கள். பாடப் புத்தகத்தை விடுதி அலமாரியிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் நாடே பூட்டப்பட்டது. பாசஞ்சர் ரயில் நின்றது. ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற திருச்சி, அமெரிக்கா மாதிரி தூரமாகப் போய்விட்டது. ஊரடங்கின் முதல் கட்டம் முடிய வேண்டிய நாள் ஏப்ரல் 14. அன்றைக்கே அதை மே 3 வரை நீட்டித்தார்கள். அண்ணல் சிலைக்கு மாலை போட முடியாத ஏப்ரல் 14 அது. அந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்த ஒரு தலைமுறைக்கு வாசகர் வட்டம் தெரியாது, விடுதி மாடியில் விடிய விடிய நடக்கும் விவாதம் தெரியாது. முதல் கூட்டத்தில் மைக் பிடித்துக் கை நடுங்குவது எப்படி இருக்கும் என்றும் தெரியாது.

விடுதி என்பதை வெறும் சோறும் பாயும் என்று நினைக்கிறவர்களுக்கு நம் வரலாறு தெரியாது. கோலாப்பூரில் சாகு மகராஜ் 1908இல் தீண்டப்படாத மாணவர்களுக்கென்று விடுதி வைத்தார். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சகஜானந்தர், பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கி, முதல் வேலைகளில் ஒன்றாக 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஏன் விடுதி? சேரியை விட்டு வெளியே வந்து உட்கார ஓர் இடம் இல்லாமல் நம் பிள்ளை படிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பாடத்தைப் போலவே இடமும் முக்கியம். நானே அப்படி ஒரு விடுதியில்தான் படித்தேன். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது உண்மை. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கும் ஒரு டியூப்லைட் எரிந்தது. போன வருஷத்து நோட்டைக் கொடுக்க ஒரு அண்ணன் இருந்தார். அப்பா பேர் என்ன, எந்தத் தெரு என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இதற்கு நேரெதிரான ஒன்றும் நம் கண்முன் நடந்திருக்கிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும் நாலு தோழர்களையும் விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் வளாகத்திலேயே திறந்த வெளியில் கூடாரம் போட்டு அதற்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். 2016 ஜனவரி 17இல் ரோகித் இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. விடுதிக் கதவை மூடினால் நாம் போய்ச் சேருகிற இடம் எது என்று அவர்கள் பெயரிலேயே சொல்லி வைத்தார்கள்.

2020இல் நடந்ததும் அதுதான். ஒரு பேரைக்கூட நீக்காமல், ஒரு நோட்டீஸ்கூட ஒட்டாமல், லட்சக்கணக்கான பிள்ளைகளை வெளிவாடாவுக்கு அனுப்பி வைத்தார்கள். தொற்றுக்காக மூடியதை நான் குறை சொல்லவில்லை. மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை, பின்னாலேயே கல்லூரியையும் சேரிக்கு அனுப்பினார்கள். ‘வீட்டிலிருந்தே படி’ என்றார்கள். எந்த வீடு? எந்தத் தெரு? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் கொண்டாடியவர்களின் முகத்துக்கு நேராக அதன் யோக்கியதை என்ன என்று அம்பேத்கர் பேசினார். அந்தக் கிராமத்தையே வகுப்பறையாக்கினார்கள்.

இப்போது டவர் விஷயத்துக்கு வருகிறேன். டவர் நெடுஞ்சாலைப் பக்கம், கடைத்தெருப் பக்கம், பணம் புழங்குகிற பக்கம்தான் நிற்கும். அது வியாபாரம். மேற்கே பொன்னணியாறு அணைப் பக்கம் போகப் போக மலை மறைக்கும், சிக்னல் ஒரு கோடு ஆகிவிடும். காலனி எங்கே இருக்கிறது? ஊருக்கு வெளியே, பள்ளத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம். ஆகவே தொகுப்பு வீட்டுக்குள் உட்கார்ந்தால் வாத்தியார் முகம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடம் எது? மேல்நிலைத் தொட்டிக்கு அடியில். ஏரிக்கரை மேட்டில். பிள்ளையார் கோயில் திண்ணையில். ஆலமரத்து மேடையில். எல்லாம் ஊர்ப் பக்கம்.

ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை, அந்தப் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று பையன்கள், ஒருவன் பி.காம்., இரண்டு பேர் இயற்பியல். ஆலமரத்து மேடையில் உட்கார்ந்து காதில் இயர்போனை வைத்துக்கொண்டு பாடம் கேட்டார்கள்.

‘இங்க என்னடா கூட்டம்?’

‘கிளாஸ் நடக்குதுங்க.’

‘ஒங்க தெருவுல கேக்க வேண்டியதுதான?’

‘அங்க டவர் எடுக்காதுங்க.’

‘டவர் எடுக்கலேன்னா ஊருக்குள்ள ஏறி வந்து உக்காருவீங்களோ?’

மறுநாள் மேடையில் கருவேல முள் பரப்பியிருந்தது. மூன்றாம் நாள் பையன்கள் போகவில்லை. அவர்கள் கல்லூரி வருகைப் பதிவேட்டில் இது எப்படிப் பதிவானது தெரியுமா? ‘நெட்வொர்க் பிரச்சினை.’ அந்தப் பிரச்சினைக்கு ஆயிரம் வருஷத்து வயசு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. காற்றில் வருகிற அலைக்கு சாதி இல்லைதான். ஆனால் அதைப் பிடிக்க உட்காருகிற மேடைக்கு இருக்கிறது. குளத்துத் தண்ணீருக்கு சாதி உண்டா என்று மகாட்டில் கேட்ட கேள்விதான் இது. (‘சமூக இடைவெளி’ என்ற சொல்லைப் பற்றி அப்போதே நம் தோழர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் அதில் தாளை வீணாக்கவில்லை.)

வீட்டுக்குள்ளே சிக்னல் கிடைத்தவர்கள் கதை வேறு மாதிரி. ‘கேமராவை ஆன் பண்ணுங்க, அப்பத்தான் அட்டெண்டன்ஸ்’ என்பார்கள். கேமராவை ஆன் செய்தால் என்ன தெரியும்? ஒரே அறை. கொடியில் காயும் துணி. அடுப்பு. காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டி. குடித்துவிட்டு வந்த சித்தப்பா. நகரத்தில் மூன்று வருஷம் கஷ்டப்பட்டு மறைத்து வைத்த தெருவை, ஒரு பொத்தானை அமுக்கி அறுபது பேருக்குக் காட்டு என்கிறார்கள். பிள்ளை கேமராவை அணைத்துவிடுகிறது. உடனே ‘ஆர்வமில்லாத மாணவர்’. திரையில் தன் முகத்துக்குப் பதிலாக அண்ணல் படத்தை வைத்திருந்த ஒரு மாணவியிடம், ‘வேற நல்ல படமா மாத்துமா’ என்று ஒரு பேராசிரியர் சொன்னாராம். அவள் மாற்றவில்லை. வகுப்பை விட்டு வெளியேறிவிட்டாள். அவளை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் ஒரு போன் இருந்தால் அது முதலில் யாருக்கு? பத்தாவது படிக்கிற தம்பிக்கு. அப்புறம் அப்பாவுக்கு, வேலைக்கு மேஸ்திரி கூப்பிடுவார். அக்கா பி.எஸ்சி. கணிதம் படிப்பவளாக இருந்தாலும் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் அவள் கைக்கு வரும், அதுவும் ‘பொம்பளப் புள்ளைக்கு ராத்திரியில என்னா போனு’ என்கிற வசவோடு. இந்த இடத்தில் நம் தெருவையும் விட்டுவைக்கக் கூடாது. அந்த ஊரடங்கில் காலேஜை நிறுத்திக் கல்யாணம் கட்டிக்கொடுத்த வீடுகளில் நம் வீடுகளும் உண்டு. முறுக்கு சுற்றிக்கொண்டே பாடம் கேட்ட பெண்களை மணப்பாறையில் பார்த்திருக்கிறேன். சென்ட்ரிங் வேலையில் காதில் இயர்போன், கையில் கலவைச் சட்டி என்று வரலாற்றுப் பாடம் கேட்ட பையனையும் தெரியும். அவன் சொன்னான்: ‘பிரெஞ்சுப் புரட்சி பாதி கேட்டேண்ணே, அதுக்குள்ள மேல தளத்துக்குக் கூப்புட்டாங்க.’ அவன் அப்புறம் கல்லூரிக்குத் திரும்பவில்லை. திருப்பூரில் இருக்கிறான்.

போன் எங்கிருந்து வந்தது என்பதை நான் கவுண்ட்டரில் இருந்து பார்த்தேன். வங்கி ஊழியர் அத்தியாவசியப் பணியாளர் என்பதால் எங்களுக்கு ஊரடங்கு கிடையாது. ஏப்ரலில் ஜன்தன் கணக்குக்கு வந்த ஐந்நூறு ரூபாய்க்காக வெயிலில் நின்ற அம்மாக்கள், ஆகஸ்டில் காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பவுன் விலை எகிறிக்கொண்டிருந்த நேரம். நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் வரம்பை 90 சதவீதமாக்கி ஆகஸ்ட் 6இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. இரண்டு கிராம் தோடு வைத்தால் ஏழாயிரமோ எட்டாயிரமோ கிடைக்கும். மட்டமான ஒரு ஆண்ட்ராய்டு போனின் விலை அதுதான். அப்ரைசர் கல்லில் உரசிப் பார்த்து எடை போடுவார். நான் விண்ணப்பத்தை நிரப்புவேன். ‘கடனின் நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். குடும்பச் செலவு என்று எழுதுவோம். ‘மகள் கல்லூரியில் உட்கார’ என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது.

‘எப்ப தம்பி திருப்பணும்?’ என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நான் தேதி சொன்னேன். ஊரடங்கில் சித்தாள் வேலை ஏது, திருப்புவதற்கு? அடுத்தடுத்த வருஷம் ஏல நோட்டீஸ் போனது. கூட்டுறவு வங்கியில் ஐந்து பவுனுக்குள் வைத்தவர்களில் தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு 2021இல் தள்ளுபடி அறிவித்தது. எங்களைப் போன்ற வங்கியில் வைத்தவர்களுக்கு அது கிடையாது. இந்தியாவின் டிஜிட்டல் கல்விப் புரட்சிக்கு முதலீடு போட்டது யார் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், சேரிப் பெண்களின் காதில் இருக்கும் வேப்பங்குச்சியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்களுடைய சொந்தக் கணக்கெடுப்பான தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, 2017-18இலேயே சொல்லிவிட்டது: இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருப்பது 4.4 சதவீதத்தில், இணைய வசதி 14.9 சதவீதத்தில். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆன்லைன் என்றார்கள். வகுப்பு நடத்தத் தொடங்கி மாதக்கணக்கில் ஆன பிறகு, 2021 ஜனவரி 10இல், 9 லட்சத்து 69 ஆயிரத்துச் சொச்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா என்று அன்றைய தமிழக அரசு அறிவித்தது. அறிவித்து ஒரு மாதம் ஆவதற்குள் பிப்ரவரி 8இல் கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். டேட்டா சரி, போன்? அது எங்கள் கவுண்ட்டரில்.

தேர்வுகளைப் பற்றி எழுதினால் தனி இதழ் வேண்டும். 2020 செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வை வீட்டிலேயே எழுதி, படம் பிடித்து அனுப்பு என்றார்கள். பிள்ளைகள் படம் பிடிக்கப் பழகியிருந்த கேம்ஸ்கேனர் செயலியை, சீனச் செயலிகளோடு சேர்த்து ஜூன் மாதமே தடை செய்திருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவைக் கண்காணிப்பாளராக உட்காரவைத்தது. தலை திரும்பினால் சந்தேகம், பின்னால் இன்னொரு குரல் கேட்டால் சந்தேகம். ஆறு பேர் இருக்கிற ஒரே அறையில் இன்னொரு குரல் கேட்காமல் எப்படி இருக்கும்? அந்த மென்பொருளை எழுதியவன் கற்பனையில் மாணவன் என்றால், அமைதியான தனியறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன். அக்கிரகாரத்துத் திண்ணையிலும் அப்படித்தான் உட்கார்ந்து படித்தார்கள். முடிவு வந்தபோது ஏராளமானோர் தேர்ச்சி இல்லை, பலருக்கு முடிவு நிறுத்திவைப்பு. அப்புறம் மே மாதம் புதிய அரசு வந்து மறுதேர்வு அறிவித்தது.

‘அரியர் மாணவர்களின் அரசனே’ என்று எடப்பாடி பழனிசாமிக்குப் போஸ்டர் ஒட்டியதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்கள் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார் அவர். வழக்கு உயர்நீதிமன்றம் போனது, தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றானது. அது கிடக்கட்டும். சிரித்தவர்கள் ஒன்றை யோசித்தார்களா? அரியர் வைத்திருப்பவன் யார்? பன்னிரண்டாவது வரை தமிழில் படித்து, ஆங்கிலத்தில் பொறியியலைத் திடீரென்று முழுங்கச் சொல்லப்பட்ட முதல் தலைமுறைப் பிள்ளை. அவன் போஸ்டர் ஒட்டினால் உங்களுக்குத் தகுதி, தரம் எல்லாம் நினைவுக்கு வருகிறது.

மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு தலித் சிறுமி ஒருத்தி, கேரளத்தில் தொலைக்காட்சி வழி வகுப்பு தொடங்கிய முதல் நாளே, 2020 ஜூன் 1இல் செத்துப்போனாள். வீட்டு டி.வி. பழுது. அப்பா தினக்கூலி. அதே ஆண்டு நவம்பரில் தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் கணிதம் படித்த தெலங்கானா மாணவி ஒருவர் தன்னை மாய்த்துக்கொண்டார். லேப்டாப் இல்லை, உதவித்தொகை வந்து சேரவில்லை, விடுதியைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பள்ளி வேறு, கல்லூரி வேறு, மாநிலம் வேறு. கருவியும் பணமும் இடமும் மட்டும் எங்கேயும் ஒன்றுபோலத் தட்டுப்பாடு.

உதவித்தொகை பற்றி ஒரு வார்த்தை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய திட்டத்துக்கு ஒன்றிய அரசு தன் பங்கைச் சுருக்கிக்கொண்டே வந்து, மாநிலங்கள் கத்திய பிறகு, 2020 டிசம்பரில்தான் 60:40 என்று பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. இப்போது ஒன்றியத்தின் பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது, நல்லதுதான். ஆனால் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும், கைரேகை விழ வேண்டும். கல் உடைத்துத் தேய்ந்த விரலை எங்கள் மிஷின் ஏற்றுக்கொள்ளாது. துரோணன் இல்லாமலே வித்தை கற்ற ஏகலைவன்தான் இந்த நாட்டின் முதல் தொலைதூர மாணவன். அவனிடமும் கட்டைவிரலைத்தான் கேட்டார்கள்.

நாம் இணையத்துக்கு எதிரிகளா? இல்லவே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் நாக்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் நம் ஆய்வாளர்கள் பேசியதை வையம்பட்டிப் பையன் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்டான், கேள்வியும் கேட்டான். விடுதியில் கைப்பேசிக்குத் தடை போட்டதை எதிர்த்துக் கேரளத்தில் ஒரு மாணவி வழக்குத் தொடுத்தபோது, இணையத்தை அணுகுவதும் கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் அந்த மாநில உயர்நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. விடுதியும் வேண்டும், விடுதிக்குள் இணையமும் வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. விடுதிக்குப் பதிலாக இணையம் என்பது நமக்குச் சம்மதம் இல்லை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. கொடுக்கட்டும், வாங்கிக்கொள்வோம். அதைத் திறந்து வைத்து உட்கார ஓர் இடத்தைக் காலனியிலேயே கட்டு. கம்பி வழி இணையமும் கரண்டும் உள்ள படிப்பகம். ராத்திரி பத்து வரைக்கும், பெண் பிள்ளைகளும் வந்து போகிற மாதிரி. பருவம் தொடங்குவதற்கு முன் உதவித்தொகை. எந்த நிலைமையிலும் கேமராவை வைத்து வருகைப் பதிவு கூடாது. இனி ஒரு தொற்று வந்தால் கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டியது விடுதி. 40 சதவீதம் என்று பேசுகிற கல்லூரியில் நம் மாணவர் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த நேரத்தில் எங்களை எங்கே உட்காரச் சொல்கிறீர்கள்?

அடுத்த இதழும் இதே விஷயத்துக்குத்தான். 2020க்கும் 2022க்கும் இடையில் கல்லூரியில் இருந்த தோழர்கள் எழுதுங்கள். படிப்பை விட்டவர்கள் கட்டாயம் எழுதுங்கள், உங்களை எந்தக் கணக்கும் எடுக்கவில்லை. இலக்கணப் பிழை பற்றிக் கவலை வேண்டாம், பேசி அனுப்பினால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றால் போட மாட்டோம். அம்மாக்களிடமும் கேட்டு எழுதுங்கள். ஏல நோட்டீஸ் வீட்டில் இருந்தால் அதன் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.